போஸ்ட்கிரெஸ் சர்வரின் லாக்கைப் பயனர்வாரியாகப் பிரிக்க வழி உண்டா?

ஏரிக்கரை:

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் கணக்கு, கிடங்கு, விற்பனை, சம்பளம் ஆகிய நான்கு பிரிவுகளின் மென்பொருள்களும் ஒரே போஸ்ட்கிரெஸ்கியூஎல் 16 தரவுத்தளச் சர்வரில் ஓடுகின்றன, இயங்குதளம் உபுண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரோல் (தரவுத்தளத்தில் உள்நுழையும் பயனர் கணக்கு) உண்டு. அறிக்கைகள் எடுப்பதற்கென ஐந்தாவதாக ஒரு ரோலும் இருக்கிறது. லாக் (சர்வர் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவேடு) மட்டும் அனைவருக்கும் பொதுவானது. பிழை ஏற்படும்போதெல்லாம் அந்தந்தப் பிரிவின் நிரலாளர்கள் லாக்கைக் கேட்கிறார்கள். முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டால் சம்பளப் பிரிவின் வினவல்களைக் கிடங்குப் பிரிவினர் படிக்க நேரும் என்பதால், வேண்டிய வரிகளை நானே தேடி வெட்டி அனுப்பி வருகிறேன்.

ரோல் ஒன்றுக்கு ஒரு கோப்பு என்ற கணக்கில் சர்வரையே எழுதச் சொல்ல முடியுமா? மேலும், விற்பனைப் பிரிவின் வினவல்கள் அனைத்தையும் சிறிது காலத்துக்கு லாக்கில் எழுத வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குப் பிழைகள் மட்டும் போதும். இவ்விரண்டும் ஒரே கேள்வியா, வேறு வேறா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தச்சுப்பட்டறை:

இரண்டும் வேறு வேறு கேள்விகள். யாருடைய செயல்களில் எவற்றை எழுதுவது என்பதை ரோல்வாரியாகச் சர்வரிடமே சொல்லலாம். எழுதியதை எந்தக் கோப்பில் வைப்பது என்பதை ரோல்வாரியாகச் சொல்ல முடியாது.

காரணம் சர்வரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயலாக்கம் இயங்கினாலும், லாக்கிங் கலெக்டர் என்ற செயலாக்கம் இயக்கப்பட்டிருந்தால் அவை அனைத்தும் தங்கள் செய்திகளை அது ஒன்றிடமே ஒப்படைக்கின்றன. கோப்பைத் திறப்பதும் எழுதுவதும் சுழற்றுவதும் அதன் வேலை. கோப்பின் பெயரை முடிவு செய்யும் 'லாக்_ஃபைல்நேம்' அமைப்பில் நேரம் சார்ந்த குறிகளை மட்டுமே பயன்படுத்த முடியும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. லாக் வரியின் தொடக்கத்தில் வரும் முன்னொட்டில் '%யூ' என்றால் பயனர் பெயர் என்பதால், கோப்புப் பெயரிலும் அதையே போட்டுப் பார்ப்பார்கள். சர்வர் மறுக்காது, கோப்புகளும் தனித்தனியாகப் பிரிந்து வரும். ஆனால் அந்த இடத்தில் '%யூ' என்பது வாரத்தின் நாளைக் குறிக்கும் எண். திங்கள் 1, ஞாயிறு 7. பிரிந்தது கிழமைவாரியாகத்தான்.

உங்கள் இரண்டாவது தேவை எளிது. விற்பனை ரோலுக்கு மட்டும் 'ஆல்டர் ரோல்' கட்டளையின் மூலம், எவ்வகை வினவல்களை எழுதுவது என்று சொல்லும் 'லாக்_ஸ்டேட்மென்ட்' அமைப்பை 'ஆல்' (எல்லாம்) என்று வைத்துவிட்டு, பொது அமைப்பை 'நன்' (எதுவுமில்லை) என்றே விட்டுவிடலாம். பிழைக்குக் காரணமான வினவல் எப்படியும் எழுதப்படும். 'லாக்_மின்_எர்ரர்_ஸ்டேட்மென்ட்' இயல்பாகவே 'எர்ரர்' நிலையில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தரவுத்தளத்தில் இருக்கும்போது மட்டும் என்றும் வரம்பு போட முடியும். 'லாக்_ஸ்டேட்மென்ட்' அமைப்பை மாற்றும் உரிமை முழு அதிகாரமுள்ள சூப்பர்யூசருக்கும், பதிப்பு 15 முதல் அவர் தனியாக அனுமதி கொடுத்தவர்களுக்கும் மட்டுமே உண்டு என்பதால், விற்பனைப் பிரிவினர் தங்கள் அமர்வில் அதைத் தாங்களே அணைத்துவிட முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். ரோலுக்கென வைத்த அமைப்பு புதிதாகத் தொடங்கும் அமர்வுகளுக்கே பொருந்தும். ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழையபடியே இருக்கும். அடுத்து, 'ஆல்' என்று வைத்தாலும் தொடரியல் பிழை உள்ள வினவல்கள் இந்த வழியில் பதிவாவதில்லை, ஏனெனில் வினவலின் தொடக்கப் பகுப்பாய்வு முடிந்து அதன் வகை தெரிந்த பிறகே இந்த வரி எழுதப்படுகிறது. அத்தகைய வினவல்களைப் பிழைச் செய்தியின் கீழ்தான் தேட வேண்டும்.

வடக்குவாசல்:

இதற்கு ஏன் இவ்வளவு? டெபியன், உபுண்டு தொகுப்புகளில் வரும் முன்னொட்டில் பயனர் பெயரும் தரவுத்தளத்தின் பெயரும் நடுவில் '@' குறியோடு ஏற்கனவே இருக்கின்றன. வரிகளைத் தேடும் 'கிரெப்' கட்டளையில் பயனர் பெயரைக் கொடுத்து ஓட்டினால் அந்தப் பிரிவின் வரிகள் மட்டும் வந்துவிடும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

தச்சுப்பட்டறை:

வரிகள் வந்துவிடும், வினவல்கள் வந்துவிடா. முன்னொட்டு ஒரு செய்தியின் முதல் வரிக்கு மட்டுமே உரியது. வினவல் பல வரிகளில் எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் வரி முதல் ஒவ்வொன்றும் ஒரு டேப் இடைவெளியோடு தொடங்கும். அவற்றில் நேரமும் இருக்காது, பெயரும் இருக்காது. இன்றைய நிரலாளர்கள் எழுதும் வினவல்களில் 'செலக்ட்' ஒரு வரியிலும் 'ஃப்ரம்' அடுத்த வரியிலும் 'வேர்' அதற்கடுத்த வரியிலும் இருப்பதே வழக்கம் என்பதால், 'கிரெப்' உங்களுக்கு 'செலக்ட்' என்ற சொல்லோடு முடியும் வரியைக் கொடுத்துவிட்டு மீதியை விழுங்கிவிடும். டேப்பில் தொடங்கும் வரிகளை முந்தைய வரியோடு சேர்த்துப் படிக்கும் சிறு நிரலை 'ஆக்' மொழியில் எழுதலாம்தான். ஆனால் சர்வரே கட்டமைப்புள்ள வடிவில் எழுதத் தயாராக இருக்கும்போது அந்த வேலை வீண்.

அந்த வடிவங்கள் இரண்டு. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி வடிவம் நெடுங்காலமாக இருக்கிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் சாவி என்ற பெயரைச் சேர்த்து எழுதும் ஜேசன் வடிவம் 2022 அக்டோபரில் வெளிவந்த பதிப்பு 15 முதல் உண்டு. நான் ஜேசனையே பரிந்துரைப்பேன். சிஎஸ்வியில் பல வரி வினவல் மேற்கோள் குறிகளுக்குள் பல வரியாகவே இருக்கும். ஆகவே அதை வரிவரியாகப் படிக்கும் எந்தக் கருவியும் தடுமாறும். ஜேசனில் வரி முறிவுகள் குறியீடாக மாற்றப்படுவதால் ஒரு செய்தி எப்போதும் ஒரே வரி. மேலும், சிஎஸ்வியில் நெடுவரிசைகள் வரும் ஒழுங்குதான் எல்லாமே. பதிப்பு 13-இல் ஒரு நெடுவரிசையும் 14-இல் இரண்டு நெடுவரிசைகளும் கூடி இப்போது 26 நிற்கின்றன. பதிப்பை உயர்த்தும்போதெல்லாம் இறக்குமதி அட்டவணையைத் திருத்த வேண்டும். ஜேசனில் பெயரைக் கொண்டு எடுப்பதால் புதிய விவரம் கூடினாலும் பழைய நிரல் உடையாது. 'யூசர்' என்ற சாவியின் மதிப்பைப் பார்த்து ஜேசனைப் படிக்கும் 'ஜேக்யூ' கருவியால் பிரிப்பது ஒரு வரி வேலை.

ஜேசனில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மதிப்பில்லாத சாவிகள் எழுதப்படுவதே இல்லை. செக்பாயின்ட், ஆட்டோவேக்குவம் போன்ற பின்புலச் செயலாக்கங்களின் வரிகளில் 'யூசர்' என்ற சாவியே இருக்காது. அவற்றைக் குப்பையில் போட்டுவிடாமல் 'பொது' என்று ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவின் வினவல் திடீரென மெதுவானதற்கான விளக்கம் பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான் கிடைக்கும்.

உபுண்டுவில் இன்னொரு படியும் இருக்கிறது. அங்கே லாக்கிங் கலெக்டர் இயல்பாக அணைந்திருக்கும். சர்வரின் பிழை வெளியீடு நேரடியாக ஒரு கோப்புக்குத் திருப்பிவிடப்படும். சிஎஸ்வி, ஜேசன் இரண்டுக்கும் கலெக்டர் கட்டாயம் என்பதால் அதை இயக்க வேண்டும். அதற்குச் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏரிக்கரை:

மிக்க நன்றி. பதிப்பு 16 என்பதால் ஜேசனுக்குத் தடையில்லை. சர்வரை நிறுத்துவதற்கு ஞாயிறு இரவில் நேரம் வாங்கிவிடலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். விற்பனைப் பிரிவின் இணையச் செயலி, திறந்த இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் என்ற இடைநிலை மென்பொருள் வழியாகவே இணைகிறது. அங்கே கடைக்காரர்கள், முகவர்கள், அலுவலர்கள் என்று பலர் நுழைந்தாலும் தரவுத்தளத்துக்கு அவர்கள் அனைவரும் 'விற்பனை' என்ற ஒரே ரோல்தான். இவர்களையும் லாக்கில் பிரித்தறிய வேண்டும் என்று அந்தப் பிரிவின் தலைவர் கேட்கிறார். இணைந்த பிறகு 'செட் ரோல்' கட்டளையால் ஆளுக்கொரு ரோலுக்கு மாறினால் லாக்கில் அந்தப் பெயர் வருமா?

தச்சுப்பட்டறை:

வராது. லாக்கில் பதிவாகும் பெயர் இணைப்பைத் திறக்கும்போது கொடுத்த பெயர். அதன் பிறகு 'செட் ரோல்' போட்டாலும் 'செட் செஷன் ஆதரைசேஷன்' போட்டாலும் முன்னொட்டு மாறுவதில்லை. ரோலுக்கென வைத்த அமைப்புகளும் அப்படியே; உள்ளே நுழையும்போது பொருந்தியவை மட்டுமே நடைமுறையில் இருக்கும். ஆகவே இந்த இழையில் நாம் பயனர் என்று சொல்வதெல்லாம் உள்நுழைந்த ரோலை மட்டுமே என்று கொள்ளுங்கள்.

செயலிக்குள் இருக்கும் மனிதர்களைப் பிரித்தறிய நடைமுறையில் உள்ள வழி 'அப்ளிகேஷன்_நேம்' அமைப்புதான். ஒவ்வொரு கோரிக்கையின் தொடக்கத்திலும் செயலி அதில் தன் பயனரின் அடையாள எண்ணை எழுதிவிட்டால், ஜேசன் பதிவில் அது தனிச் சாவியாக வந்து நிற்கும். பிஜிபவுன்சர் கண்காணித்துப் பேணும் சில அமைப்புகளில் இதுவும் ஒன்று என்பதால், டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும்) இணைப்புகள் கை மாறினாலும் ஒருவரின் பெயர் இன்னொருவரின் வினவலில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் இது அந்தச் செயலி தானாகச் சொல்லிக்கொள்ளும் பெயர். சர்வர் எதையும் சரிபார்ப்பதில்லை. பிழை தேட இது போதும். ஒருவர் செய்ததற்குச் சான்றாக இதைக் காட்ட முடியாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு: அப்ளிகேஷன் பெயரில் ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே நிலைக்கும். பதிப்பு 15 வரை தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறும். 16 முதல் பதினறும எண் வரிசையாக மாறும். எண்ணைப் போடுவதே நல்லது. ரோலின் பெயரைத் தமிழில் வைக்கத் தடையில்லை, ஆனால் எல்லை 63 பைட். யூடிஎஃப் 8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் 21 குறிகளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும்.

பிஜிபவுன்சர் இருப்பதால் நான் முன்பு சொன்னதில் ஒரு திருத்தமும் வேண்டும். ரோலின் அமைப்பை மாற்றினால் புதிய அமர்வுகளுக்கே பொருந்தும் என்றேன் அல்லவா? பிஜிபவுன்சர் சர்வருடனான இணைப்பை இயல்பாக 3,600 நொடிகள் வரை வைத்திருக்கும். செயலி நூறு முறை இணைந்து விலகினாலும் சர்வரின் பார்வையில் அது பழைய அமர்வுதான். மாற்றம் உடனே வேண்டுமென்றால் அதன் நிர்வாக முனையத்தில் 'ரீகனெக்ட்' கொடுக்க வேண்டும்.

வடக்குவாசல்:

அப்படியென்றால் கடைக்காரர்களுக்கு ஒரு ரோல், முகவர்களுக்கு ஒரு ரோல் என்று பிரித்துவிட்டால் சர்வர் சரிபார்த்த பெயராகவே கிடைத்துவிடுமே?

தச்சுப்பட்டறை:

கிடைக்கும், விலையும் உண்டு. பிஜிபவுன்சர் பயனரும் தரவுத்தளமும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் இணைப்புகளின் தனித்தனித் தொகுப்பு வைத்துக்கொள்கிறது. ஒரு தொகுப்பின் இயல்பான அளவு 20. சர்வரின் இயல்பான இணைப்பு எல்லை 100; அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கம். மீதி 97. இப்போதுள்ள 5 ரோல்களும் பிஜிபவுன்சர் வழியாக வந்து தங்கள் தொகுப்பை நிரப்பினாலே 100 கேட்கும். அளவுகளைத் தொடாமல் ரோல்களை மட்டும் கூட்டினால், நெரிசலான நேரத்தில் இணைப்பு மறுக்கப்படும். மூன்று நான்கு வகைகள் என்றால் தொகுப்பின் அளவைக் குறைத்துக்கொண்டு இந்த வழியில் போகலாம். ஆளுக்கொரு ரோல் என்பது இணையச் செயலிக்கு ஒத்துவராது.

நிழற்குடை:

பிரிப்பது எப்படி என்பது தெளிவாகிவிட்டது. பிரித்த கோப்பை இன்னொரு பிரிவினர் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதால், அதில் என்ன இருக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பயனர் பெயரைப் பார்த்துப் பிரித்துவிட்டால் அடுத்தவரின் தகவல் கசியாது என்ற எண்ணம் ஓர் இடத்தில் உறுதியாகப் பொய்க்கும். அது டெட்லாக்.

கிடங்கு ரோலும் சம்பள ரோலும் ஒரே அட்டவணையின் வரிசைகளை எதிரெதிர் ஒழுங்கில் பூட்டிக்கொண்டு நின்றால், சர்வர் இயல்பாக 1 நொடி காத்திருந்து சோதித்து ஒருவரை வெளியேற்றும். வெளியேற்றப்பட்டவரின் பிழைச் செய்தியில் எந்தச் செயலாக்கம் எதற்காகக் காத்திருந்தது என்பது மட்டுமே இருக்கும். வினவலின் விவரத்துக்குச் சர்வர் லாக்கைப் பாருங்கள் என்று ஒரு குறிப்பும் வரும். இது திட்டமிட்டே செய்யப்பட்டது. ஒருவரின் வினவலை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்பதற்காகவே அந்த விவரம் லாக்கில் மட்டும் எழுதப்படுகிறது. அந்த லாக் வரியின் 'டீட்டெயில்' பகுதியில் சிக்கிய அனைவரின் வினவல்களும் இருக்கும். ஆனால் வரியின் பயனர் பெயர் வெளியேற்றப்பட்டவருடையது. நீங்கள் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கிடங்குப் பிரிவுக்கு அனுப்பும் கோப்பில், சம்பளப் பிரிவின் 'அப்டேட்' வினவல் மதிப்புகளோடு போய்ச் சேரும். நீங்கள் தவிர்க்க நினைத்தது அதைத்தானே? ஆகவே பிழைக் குறியீடு 40பி01 உள்ள பதிவுகளில் 'டீட்டெயில்' சாவியை நீக்கிவிட்டே வெளியே அனுப்புங்கள். குறியீட்டின் நடுவில் உள்ள 'பி' ஆங்கில எழுத்து P.

அடுத்தது கடவுச்சொல். 'ஆல்டர் ரோல்' கட்டளையில் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதினால், அந்த ரோலுக்கு லாக் நிலை 'டிடிஎல்' (ரோல், அட்டவணை போன்றவற்றை உருவாக்கும், மாற்றும் கட்டளைகள்) அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, அது அப்படியே லாக்கில் படியும். விற்பனை ரோலுக்கு 'ஆல்' வைக்கப் போகிறீர்கள் என்பதால் அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: 'பிசீக்வல்' கருவியின் பாஸ்வேர்டு கட்டளை கடவுச்சொல்லைத் தன் பக்கத்திலேயே மறையாக்கி அனுப்புவதால் அதையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, உள்நுழைவு வரிகள். 'லாக்_கனெக்‌ஷன்ஸ்' இயங்கினால் இணைப்பு வந்தது என்ற முதல் வரி எழுதப்படும் நேரத்தில் சர்வருக்குப் பயனர் பெயரே தெரியாது. முன்னொட்டில் அறியப்படாதவர் என்று இருக்கும். எந்த முகவரியிலிருந்து வந்தார் என்பதைச் சொல்லும் வரி இது, பெயரால் வடிகட்டினால் இதுவே தவறிப்போகும். அமர்வு அடையாளத்தைக் கொண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னொட்டில் அதற்குக் குறி '%சி'. ஜேசனில் அது எப்போதும் உண்டு. செயலாக்கம் தொடங்கிய நேரமும் செயலாக்க எண்ணும் சேர்ந்த அடையாளம் என்பதால், செயலாக்க எண் மட்டும் திரும்பவும் பயன்பட்டாலும் குழப்பம் வராது.

கடைசியாக, எனக்கு இந்த இழையில் மிகவும் உறுத்தும் செய்தி. தோல்வியுற்ற உள்நுழைவு வரியில் இருக்கும் பயனர் பெயர் எதிரே இருப்பவர் தட்டச்சு செய்த பெயர். அப்படி ஒரு ரோல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உங்கள் நிரல் கண்ணில் பட்ட பெயருக்கெல்லாம் ஒரு கோப்பைத் திறக்குமானால், வெளியிலிருந்து தற்செயலான பெயர்களால் முட்டிப் பார்க்கும் எவரும் உங்கள் வட்டில் ஆயிரக்கணக்கான கோப்புகளை உருவாக்கிவிடலாம். அதைவிட மோசம், ரோல் பெயரில் சாய்கோடும் இரட்டைப் புள்ளியும் இருக்கலாம். பெயரை அப்படியே கோப்புப் பாதையில் ஒட்டினால் கோப்பு வேறெங்கோ போய் எழுதப்படும். அனுமதித்த ஐந்து ரோல்களின் பட்டியலை நிரலிலேயே எழுதிவைத்து, அதில் இல்லாத எதையும் 'பொது' கோப்பில் கொட்டுவதே பாதுகாப்பு.

தனிவீடு:

இவ்வளவு வடிகட்டல்களையும் படித்த பிறகு தோன்றுகிறது: பிரிவுகளுக்குள் நம்பிக்கை இல்லையென்றால் பிரிவுக்கொரு கிளஸ்டர் (தனியாக இயங்கும் போஸ்ட்கிரெஸ் சர்வர்) வைத்துவிடலாமே. உபுண்டுவில் 'பிஜி_கிரியேட்கிளஸ்டர்' கட்டளை ஒன்றே போதும்; போர்ட் வேறு, தரவுக் கோப்புறை வேறு, லாக் கோப்பும் தானாகவே வேறு. டெட்லாக் வழியாகக் கசிவதற்கு இடமே இல்லை.

ஏரிக்கரை:

யோசித்தோம். கிடங்கும் விற்பனையும் ஒரே சரக்கு அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. அறிக்கை ரோல் எல்லாவற்றையும் இணைத்துப் படிக்கிறது. பிரித்தால் அந்த வினவல்களையெல்லாம் மாற்றி எழுத வேண்டும்.

நிழற்குடை:

சம்பளப் பிரிவை மட்டுமாவது தனிக் கிளஸ்டருக்கு நகர்த்துவதைப் பற்றி யோசியுங்கள். நினைவகம், மறுபிரதி, மேம்படுத்தல் எல்லாம் இரட்டிப்பாகும் என்பது உண்மை. ஆனாலும் அந்த ஒரு பிரிவுக்கு அது தகும்.

பனைவெல்லம்:

இயங்குதளத்தின் பொது லாக் சேவையான சிஸ்லாக் வழியை ஏன் யாரும் சொல்லவில்லை? அதற்கான 'ஆர்சிஸ்லாக்' மென்பொருள் செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்த்து வேறு வேறு கோப்புகளுக்கு அனுப்பக்கூடியது. வேறொரு கணினிக்கும் அனுப்பும். போஸ்ட்கிரெஸ் பக்கம் எந்த நிரலும் எழுத வேண்டியதில்லை.

தச்சுப்பட்டறை:

பிற சேவைகளின் லாக் அனைத்தும் ஏற்கனவே அங்கே போகிறதென்றால் பொருத்தமானதுதான். ஆனால் பயனர்வாரியாகப் பிரிப்பதற்கு எனக்கு அது பிடிப்பதில்லை, இரண்டு காரணங்களால். நீண்ட செய்தியை போஸ்ட்கிரெஸ் துண்டுகளாக வெட்டி அனுப்பும். வரி முறிவிலும் வெட்டும். முன்னொட்டு முதல் துண்டில் மட்டுமே இருப்பதால் வடக்குவாசல் சொன்ன 'கிரெப்'பின் குறை இங்கே அப்படியே திரும்பி வருகிறது. துண்டுகளுக்கு வரிசை எண் இருப்பதால் ஒட்டலாம்தான், ஆனால் ஒட்டுவதற்கு நிரல் எழுதத் தொடங்கினால் நிரல் வேண்டாம் என்ற வசதி போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் இழப்பைப் பற்றியது. லாக்கிங் கலெக்டர் செய்தியை ஒருபோதும் இழக்கக் கூடாது என்ற நோக்கில் வடிவமைக்கப்பட்டது; அது பின்தங்கினால் சர்வர் செயலாக்கங்கள் எழுதக் காத்திருக்கும். சிஸ்லாக் எழுத முடியாதபோது செய்தியைக் கைவிடும். முன்னதில் வேகம் போகும், பின்னதில் பதிவு போகும். விற்பனை ரோலுக்கு 'ஆல்' வைக்கும் நாள்களில் இந்த வேறுபாடு தெரியும். லாக் கோப்புறை இயல்பாகத் தரவுக் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால், அதை வேறு வட்டுப் பகுதிக்கு மாற்றிவிட்டு 'ஆல்' வைப்பதே முறை. லாக் நிறைந்து தரவுக்கு இடமில்லாமல் சர்வர் நிற்கும் நிலை வரக் கூடாது.

கடைத்தெரு:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது மரியாடிபி தரவுத்தளம். அங்கேயும் இதே கதைதானா?

நிழற்குடை:

அங்கே எல்லா வினவல்களையும் எழுதும் ஜெனரல் லாக் கோப்பு இன்னும் சிக்கனமானது: இணைந்ததைக் குறிக்கும் வரியில் மட்டுமே பயனர் பெயர் இருக்கும், அதன் பிறகு வரும் வினவல் வரிகளில் இணைப்பு எண் மட்டும். இணைப்பு வரி முந்தைய கோப்பில் போய்விட்டால் எண் யாருடையது என்றே தெரியாது. கோப்புக்குப் பதிலாக அட்டவணைக்கு எழுதச் சொன்னால் ஒவ்வொரு வரிசையிலும் பயனர் பெயரும் முகவரியும் வந்துவிடும். மெதுவான வினவல்களை எழுதும் ஸ்லோ லாக்கில் பயனர் பெயர் எப்போதும் உண்டு. ஆனால் உங்களுக்குப் பொருத்தமானது மரியாடிபியோடு வரும் 'சர்வர்_ஆடிட்' செருகுநிரல்தான். யாரைப் பதிவு செய்வது, யாரை விடுவது என்று இரண்டு பட்டியல்கள் கொடுக்கலாம். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் பதிவு செய்யும் பட்டியலே வெல்லும். கோப்பு அங்கேயும் ஒன்றுதான்.

பனைவெல்லம்:

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் லாக்குகளைத் தொடர்ச்சியாக 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும். பிரித்த பிறகு மூலக் கோப்பை அழிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

தச்சுப்பட்டறை:

சரியான நினைவூட்டல். தணிக்கை என்று வந்துவிட்டால் 'லாக்_ஸ்டேட்மென்ட்' கருவியும் அதற்கானதன்று; அது கேட்ட வினவலை எழுதும், அந்த வினவல் எந்த அட்டவணைகளைத் தொட்டது என்பதை எழுதாது. அதற்கு பிஜிஆடிட் என்ற நீட்சி இருக்கிறது. அதன் அமைப்பையும் ரோல்வாரியாக வைக்கலாம். அதுவும் எழுதுவது இதே லாக்கில்தான் என்பதால் மேலே பேசியவை அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

ஏரிக்கரை:

அனைவருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். சர்வர் ஒரே ஜேசன் கோப்பை எழுதும், அதன் அனுமதி இயல்பான 0600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும்) என்றே இருக்கும். ஒரு சிறு நிரல் அதைப் படித்து, வேறொரு சர்வரில் உள்ள ஓர் அட்டவணையில் ஏற்றும். டெட்லாக் பதிவுகளின் 'டீட்டெயில்' ஏற்றப்படாது. அட்டவணையில் வரிசைநிலைப் பாதுகாப்பு இருக்கும். உள்நுழைந்த ரோலின் பெயரும் பதிவின் பயனர் பெயரும் ஒன்றாக உள்ள வரிசைகள் மட்டுமே ஒருவருக்குத் தெரியும். கோப்பே வேண்டாம் என்பதால் பாதைச் சிக்கலும் எழாது. வேறு சர்வரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதே சர்வரில் ஏற்றினால் ஏற்றும் வினவல்களும் லாக்கில் விழுந்து, அவற்றையும் ஏற்ற வேண்டிய சுழல் உருவாகக்கூடும் என்பதுதான்.

ஒரு சந்தேகம் மட்டும். ஓர் அமர்வு நள்ளிரவைத் தாண்டினால் அதன் பதிவுகள் இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடக்குமே. நிரல் முந்தைய நாளின் அமர்வுப் பட்டியலை நினைவில் வைத்திருக்க வேண்டுமா? நிரல் பாதியில் நின்று மறுபடி தொடங்கினால் இரட்டைப் பதிவு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தச்சுப்பட்டறை:

பின்புலச் செயலாக்கங்களை விட்டுவிட்டால், இணைப்பு வந்தது என்ற அந்த ஒரு வகை வரியைத் தவிர மற்ற அமர்வு வரிகளில் பெரும்பாலும் பயனர் பெயர் இருக்கிறது. அந்த வரிக்கும் பெயர் தெரியும் அடுத்த வரிக்கும் இடையே பெரும்பாலும் நொடிப்பொழுதுதான் என்பதால், கோப்பு மாறும் தருணத்தில் பெயர் கிடைக்காமல் நிற்பவற்றை மட்டும் அடுத்த கோப்பைத் திறக்கும்வரை கையில் வைத்திருந்தால் போதும். பெயரே கொடுக்காமல் போர்ட்டைத் தட்டிவிட்டுப் போனவை கடைசிவரை பெயரில்லாமல்தான் இருக்கும். அவற்றைப் 'பொது'வில் சேருங்கள். இரட்டிப்பைத் தடுக்க, அமர்வு அடையாளத்தையும் அமர்வுக்குள் வரும் வரி எண்ணையும் சேர்த்து அட்டவணையின் முதன்மைச் சாவியாக வையுங்கள். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் சிஎஸ்வி லாக்குக்குக் கொடுத்திருக்கும் மாதிரி அட்டவணையும் அப்படியே செய்கிறது. ஏற்றும்போது மோதினால் விட்டுவிடு என்று 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' சேர்த்துவிட்டால், கோப்பை முதலிலிருந்து எத்தனை முறை ஓட்டினாலும் தொல்லையில்லை.

நிழற்குடை:

அட்டவணையின் உரிமையாளருக்கு வரிசைநிலைப் பாதுகாப்பு இயல்பாகப் பொருந்தாது. ஏற்றும் ரோலே உரிமையாளராக இருக்கும் என்றால், அதன் கடவுச்சொல்லை எந்தப் பிரிவுக்கும் கொடுக்காதீர்கள்.